அரை கிரவுண்டில் தக்காளி போடலாமா?

கேள்வி, 9 ஜூலை 2023
தக்காளி கிலோ 120 ரூபாய். ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்று போனால், எனக்கு முன்னால் ஆறு பேர் நிற்கும்போதே கூடை காலி. சென்னை கோவிலம்பாக்கத்தில் அப்பா வாங்கிப் போட்ட அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை சும்மாதான் கிடக்கிறது. அதில் தக்காளி போட்டால் நான்கு பேருக்குப் போதுமான காய் வருமா? எத்தனை நாளாகும்? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லவும்.

பதில், 9 ஜூலை இரவு
போடாதீர்கள்.

10 ஜூலை
நேற்று பஸ்ஸில் இருந்தேன், அதனால் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் கேட்டு மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்களுக்கும் அரை கிரவுண்டுதான், மடிப்பாக்கத்தில். மாமனார் 1996-ல் வாங்கியது. அவர் வீடு கட்டுவதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபிளாட் பார்த்துக்கொண்டு நங்கநல்லூர், பெரம்பூர் என்று போய்விட்டார்கள். காலி மனையைச் சும்மா விட்டால் அந்தத் தெருவில் யார் சுவரை இடித்தாலும் ரப்பீஷ் அங்கேதான் வந்து விழுகிறது. அதைத் தடுக்கத்தான் நானும் நாத்தனாரும் ஐந்து வருடத்துக்கு முன்னால் பாத்தி கட்ட ஆரம்பித்தோம். மாமியார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. 1,200 சதுர அடி என்று பேர். நடக்க வழி, தண்ணீர்த் தொட்டி, பந்தல்கால் எல்லாம் போக பாத்தியாக மிஞ்சுவது 500 சதுர அடி.

இன்று தக்காளி விதைத்தால் நாற்று தயாராக 25 நாள். நட்டபின் முதல் பழம் பழுக்க இன்னும் 60, 65 நாள். அக்டோபர் பிறந்துவிடும். செடி நன்றாகக் காய்க்கும் நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை வந்து உட்காரும். நம் பக்கத்துக் களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் தக்காளியின் வேர் அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே, ராத்திரியிலும் புழுக்கம் விடாத ஆகஸ்டில் பூ கொட்டும். எல்லாம் தப்பிக் காய்த்தாலும் அதற்குள் விலை இறங்கியிருக்கும், ஏனென்றால் உங்களை மாதிரியே ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பெரிய பெரிய ஆட்கள் இதே வாரம் நாற்று விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடிக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், சுரை, பீர்க்கை, புடலை, கீரை. அவற்றைப் போடுங்கள்.

16 ஜூலை
ஒரு திருத்தம். மேலே எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "ஆடியில தக்காளி கூடாதுன்னு யாரு சொன்னா? எங்க ஊர்ல ஆடியில நாத்து விட்டு ஆவணியில நடுவோம்" என்றார். அவர் ஊர் வந்தவாசி பக்கம். மேட்டு நிலம், செம்மண், பெய்த மழை பெய்தபடி ஓடிவிடும். ஆக, ஆடி மேல் குற்றமில்லை. எங்கள் மண் மேல்தான் குற்றம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர் மடிப்பாக்கத்தில் மனை வாங்கியிருக்க மாட்டார்.

திருவான்மியூரிலிருந்து ஒருவர், தன் வீட்டில் தண்ணீர் நிற்பதே இல்லை, மணல்தான் என்கிறார். உங்களுக்கு வேறு தலைவலி: ஊற்றுவதெல்லாம் கீழே இறங்கிவிடும், உரமும் கூடவே போய்விடும். எருவும் மூடாக்கும் (மண்ணை மூடிப் போடும் சருகு) இரண்டு மடங்கு வேண்டும்.

23 ஜூலை
வாக்குமூலம். இன்று எங்கள் மனையில் 40 தக்காளி நாற்று நட்டோம்.

நாத்தனார் காலையில் நர்சரி ட்ரேயோடு வந்து இறங்கினாள். "அண்ணி, ஒண்ணு நாலு ரூபாதான். நாற்பது வாங்கிட்டேன்."

"நான் ஊருக்கெல்லாம் போடாதேன்னு சொல்லிட்டிருக்கேன்டி."

"ஊருக்குத்தானே சொன்னீங்க."

பதில் சொல்லத் தெரியவில்லை. நட்டாயிற்று.

3 ஆகஸ்ட்
ஆடிப்பெருக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு விதைத்தேன்.

மண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு: தோண்டிப் பாருங்கள், தெரியும். எங்கள் இடத்தில் கடப்பாரையை இறக்கினால் முதல் முக்கால் அடி ரப்பீஷ், "டங்" என்று ஒரு சத்தம், செங்கல் துண்டு. அதன் கீழே பிசுபிசுவென்று கறுப்புக் களிமண். கையில் உருட்டினால் பாம்பு மாதிரி நீளும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். முதல் வருடம் அதை வெட்டித் திருத்தப் பார்த்து முதுகு போனதுதான் மிச்சம். இப்போது அதன் மேலேயே ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, கிடைத்த சருகு எல்லாம். ஓரத்துக்கு அந்த ரப்பீஷ் செங்கலையே அடுக்கிவிட்டோம். வாங்காமல் வந்த ஒரே பொருள்.

கீரை விதை தூவ: முளைக்கீரை விதை கடுகைவிடப் பொடி. கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டி, புல் மாதிரி நெருக்கமாக வந்து நோஞ்சானாக நிற்கும். ஒரு பிடி விதைக்கு நாலு பிடி மணல் கலந்து தூவுங்கள். மேலே மண்ணை மூட வேண்டாம், துடைப்பத்தால் லேசாகத் தடவினால் போதும். பூவாளியில் தண்ணீர், ஹோஸ் கூடாது. அப்புறம் எறும்பு. விதைத்த அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி ஒரு கோடு நொய் போட்டுவிடுவேன். அது நொய்யைத் தூக்கும், நாம் விதையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மாமியார் இதற்கு வைத்த பேர் லஞ்சம்.

20 ஆகஸ்ட்
தக்காளியில் வெள்ளை ஈ. இலை மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாகிறது. நாற்பதில் ஒன்பது.

21 ஆகஸ்ட்
பதின்மூன்று. பிடுங்கி எரித்தோம். இலைச்சுருட்டை வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய் அடிப்பது மற்ற செடிக்கு ஈ பரவாமல் இருக்கத்தான். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்க இரண்டு சொட்டு சோப்பு. வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். நண்பகலில் அடித்தால் இலை கருகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு பாத்தி மிளகாயைக் கருக்கித் தெரிந்துகொண்டேன்.

வெள்ளை ஈ பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி வாங்கலாமா என்று ஒருவர். வாங்க வேண்டாம். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டினால் அதுவேதான்.

27 ஆகஸ்ட்
கீரை முதல் அறுப்பு. விதைத்து 24 நாள். ஒன்பது கட்டு. அவ்வளவுதான் செய்தி, ஆனால் இந்தப் பக்கம் முழுக்கத் தக்காளியே பேசிக்கொண்டிருப்பதால் பதிவு செய்கிறேன்.

10 செப்டம்பர்
இன்று தள்ளுவண்டியில் தக்காளி கிலோ 20. எங்கள் செடியில் பச்சைக்காய் கோலிக்குண்டு அளவில் தொங்குகிறது. கேள்வி கேட்ட கோவிலம்பாக்கத்துக்காரர் ஒரு கும்பிடு போட்ட படம் அனுப்பியிருக்கிறார். அவர் வெண்டை போட்டாராம். பாராட்டுகள், அந்தக் கும்பிட்டை என் நாத்தனாருக்கு அனுப்பிவிட்டேன்.

24 செப்டம்பர்
முதல் தக்காளி. சமையலறைத் தராசில் 340 கிராம், ஏழு பழம். அதில் மூன்றின் அடி கறுத்துக் குழிந்திருந்தது. இது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. ஒரு நாள் கொட்டுவது, இரண்டு நாள் மறப்பது என்று தண்ணீர் விட்டால், செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காயின் நுனிவரை கொண்டுபோக முடியாது. எல்லாரும் சொல்கிறார்களே என்று முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். அது கரைய மாதங்கள் ஆகும். இந்தச் செடியின் ஆயுளுக்குள் நடக்காது. தினமும் ஒரே அளவு தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு, அதுதான் வழி.

முட்டை ஓட்டுக்கு ஆதரவாக யாரும் வர வேண்டாம், போன வருடமே இந்தச் சண்டை முடிந்துவிட்டது.

8 அக்டோபர்
சுரைக்காய் பிஞ்சு விட்டு விட்டு மஞ்சளாகி உதிர்கிறது, என்ன உரம் போடலாம் என்று பெரம்பூர் வாசகி கேட்டிருக்கிறார். உரம் வேண்டாம், மாப்பிள்ளை வேண்டும்.

பூசணி, பாகல் எல்லாம் காலையில் பூக்கும், தேனீ வந்து வேலையை முடித்துவிடும். சுரையும் பீர்க்கையும் புடலையும் சாயங்காலத்துக்கு மேல் பூக்கிறவை. அந்த நேரத்துக்கு நம் தெருவில் பறக்கிற பூச்சி கொசு மட்டும்தான். அதனால் நாமே செய்ய வேண்டும். ஆறரை மணிக்குப் போங்கள். காம்பு நீளமாக, அடியில் ஒன்றும் இல்லாமல் இருப்பது ஆண்பூ. பூவுக்குப் பின்னால் ரோமத்தோடு குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண்பூ. ஆண்பூவைப் பறித்து, வெள்ளை இதழைப் பின்னால் மடக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாக நாலு முறை தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். மறுநாளுக்கு மறுநாள் பார்த்தால் பிஞ்சு தலையைக் கீழே சாய்த்து எடை போட ஆரம்பித்திருக்கும்.

நான் ஒரு கையில் செல்போன் டார்ச்சும் மறு கையில் பூவுமாகப் பந்தலுக்குள் நின்றதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாட்ச்மேனை அனுப்பினார். அது வேறு கதை.

12 நவம்பர்
தீபாவளி. பட்டாசுக்கு வெளியே வந்தால் கீரைப் பாத்தியில் நத்தை. உள்ளங்கை நீளத்துக்கு வருமே, அந்த ஆப்பிரிக்க நத்தை. உப்புப் போடாதீர்கள், மண் கெடும். பப்பாளி இலையையும் கெட்டுப்போன முட்டைக்கோஸ் இலையையும் ஈரச்சாக்கின் அடியில் வைத்துவிட்டு, காலையில் சாக்கைத் தூக்கினால் கும்பலாக இருக்கும். கையில் கவர் மாட்டிக்கொண்டு பொறுக்குங்கள். இன்று 61.

19 நவம்பர்
ஆவடிக்காரருக்கு. ஆமாம், க்ரோபேக்கில் போட்டால் வெள்ளம் தொல்லை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பு மானியத்தில் கிடைத்தால் வாங்குங்கள், பையும் நார்க்கழிவுக் கட்டியும் விதையும் அதிலேயே வந்துவிடும். ஒன்று மட்டும்: தென்னை நார்க்கழிவை ஊறவைத்த அன்றே நட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மூன்று தடவை. முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் வரும். மூன்றாவது இரண்டாம் காபி நிறத்துக்கு வந்தால் போதும்.

7 டிசம்பர்
மனைக்குப் போக முடியவில்லை. 4-ம் தேதி மிச்சாங் புயல் கொட்டியதிலிருந்து மடிப்பாக்கத்தில் கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்கிறார்கள். இங்கே நங்கநல்லூரில் எங்களுக்கு ஒன்றுமில்லை. கோவிலம்பாக்கத்துக்காரர் எப்படி இருக்கிறார்? ஒரு வரி போடுங்கள்.

10 டிசம்பர்
அவர் நலம், கீழ்வீட்டுக்காரர்களோடு மாடியில் இருந்தாராம். சரி.

இன்று போனோம். முழங்காலுக்குத் தண்ணீர், மேலே சாக்கடை நாற்றம். மேட்டுப்பாத்தி ஓர் அடி என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு மேலே அரை அடி நின்றிருக்கிறது; செங்கல்லில் கோடு தெரிகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். சதுப்பு நிறைந்துவிட்டால் எங்கள் தெரு அதன் வால்பகுதி ஆகிவிடுகிறது. இந்த வழியை மாமனார் 1996-ல் யாரிடமும் கேட்கவில்லை, புரோக்கரும் சொல்லவில்லை.

நாத்தனார் தண்ணீரில் நின்றபடியே தக்காளிப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்ட என் கத்தரியும் அங்கேதான் செத்துக் கிடந்தது.

13 டிசம்பர்
பிழைத்தது, போனது:
பப்பாளி இரண்டும் போயிற்று. இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றாலே அது தாங்காது. முருங்கை இலையெல்லாம் கொட்டி நிற்கிறது, தட்டினால் பட்டை கழன்று வருகிறது, போய்விடும். கத்தரி, மிளகாய், தக்காளி மொத்தமும். வாழை மூன்றில் ஒன்று சாய்ந்தது, இரண்டு மஞ்சளாக நிற்கிறது. பொன்னாங்கண்ணி மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி முன்பைவிடப் பச்சையாக இருக்கிறது. கொடிப்பசலையும் உயிரோடு.

ஆனால் அதைப் பறித்துச் சமைக்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீர். தரையோடு வெட்டிவிட்டோம், ஒரு மாதம் கழித்துத் துளிர்ப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். பாத்தி மேல் படிந்த கறுப்புச் சேற்றை வண்டல் என்று ஒருவர் கொண்டாடுகிறார். ஆற்று வண்டல் வேறு, இது வேறு. வழித்து வெளியே போட்டோம்.

24 டிசம்பர்
பாதி மனையில் சணப்பை விதைத்தோம். 45 நாளில் பூக்கும் நேரத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்துவிட வேண்டும். தழைச்சத்தும் கிடைக்கும், அடித்துப் பிடித்த களிமண்ணும் கொஞ்சம் இளகும்.

21 ஜனவரி 2024
பொங்கல் முடிந்தது. தைப்பட்டம். மீதிப் பாதியில் புது செம்மண் போட்டு 18 தக்காளி நாற்று, பெரியகுளத்து பிகேஎம் 1 ரகம். இந்த முறை வாங்கியது நான்.

யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். ராத்திரி குளிர்ச்சி இருக்கிறது, மழை முடிந்துவிட்டது, பழம் மார்ச்சில். ஜூலையில் "போடாதீர்கள்" என்று சொன்னபோது "தையில் போடுங்கள்" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன்.

11 பிப்ரவரி
வெண்டை பற்றிக் கேட்டவருக்குப் பதில். ஆமாம், இலை நரம்பு மஞ்சளாக வலை போட்டிருந்தால் அதுவும் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ்தான். அர்கா அனாமிகா என்ற ரகம் ஓரளவு தாங்கும், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து வெளியீடு. விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள். 45 நாளில் காய். காய்க்க ஆரம்பித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஞாயிறு அன்று விறகு பறிப்பீர்கள். ஒடித்துப் பாருங்கள்: நுனி "டக்" என்று ஒடிந்தால் சமையலுக்கு, வளைந்தால் விதைக்கு.

17 மார்ச்
தக்காளி 12 கிலோ, இதுவரை. ஒன்றுகூட அடி கறுக்கவில்லை. இலைச்சுருட்டை வந்தது இரண்டே செடி. வெளியில் விலை 25. மாமியார் தினமும் தக்காளித் தொக்கு.

பின்குறிப்பு: கீழே தொங்கியதில் பாதியைப் பெருச்சாளி தின்றுவிட்டது. சுவர் ஓரம் இருந்த வளையை ரப்பீஷ் போட்டு அடைத்தோம். ஐந்து வருடத்தில் ரப்பீஷ் இரண்டாவது முறையாக உபயோகப்பட்டிருக்கிறது.

5 மே
நேற்று கத்திரி வெயில் தொடங்கியது. போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பிப்ரவரியில் 900 காட்டியது, இன்று 2,100. மழைக்குப் பிறகு இனிப்பாக இருந்த அதே குழாய். இலை ஓரம் காய்ந்து சுருண்டால் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்காதீர்கள், உப்பு. ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரை ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள். அதில் இருப்பது அந்த உப்பின் சாறுதான், வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. எங்கள் ஃபிளாட்டில் இரண்டு ஏசிக்கும் கீழே வாளி வைத்து, ஸ்கூட்டரில் இரண்டு கேன் எடுத்துப் போகிறேன். நாற்றுக்கு மட்டும் அது.

2019 கோடையை நினைத்துக்கொள்கிறேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு டோக்கன் போட்டுக் காத்திருந்த வருடம். தோட்டம் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. குளித்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து, சோப்புத் தண்ணீரைத் தாங்கும் கல்வாழைக்கு ஊற்றி, அதன் பக்கத்தில் வாழை வைத்தோம். அந்த வாழையின் கன்றுதான் வெள்ளத்தில் தப்பித்த இரண்டும். பூவன்.

இப்போது 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே தண்டுக்கீரை, வலைக்கு வெளியே கொத்தவரை. வேறு எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

9 ஜூன்
பப்பாளியில் மாவுப்பூச்சி. ஜனவரியில் புதிதாக வைத்தது. வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டு, கீழே கறுப்பாகப் பிசுக்கு. "உடனே நல்ல மருந்தாக அடி அண்ணி, பக்கத்துச் செடிக்கும் போயிடும்" என்று நாத்தனார். கடையில் இருந்தவரும் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

காரணம் இருக்கிறது. இந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சி இல்லை. மெக்சிகோப் பக்கத்தது, 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் நாசம் செய்தது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பிறகு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று, கொசுவைவிடச் சின்னது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். சில மாதங்களில் ஆட்டம் அடங்கியது. அந்தக் குளவி இன்னமும் நம் ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான், மாவுப்பூச்சி மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும்.

எனவே குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிறேன், எறும்பு ஏறாமல் தண்டில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவியிருக்கிறேன். எறும்புதான் மாவுப்பூச்சிக்கு மெய்க்காப்பாளர்.

30 ஜூன்
பப்பாளி இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மாவுப்பூச்சிகளில் பல உப்பிக் காய்ந்து, பழுப்பு நிறத்தில், முதுகில் ஒரு ஓட்டையோடு இருக்கின்றன. குளவி வெளியே வந்த ஓட்டை. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யே" என்றாள்.

21 ஜூலை
ஆடி பிறந்துவிட்டது, கணக்கு கேட்கிறீர்கள். ஆடி முதல் ஆனி வரை நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

செலவு: செம்மண் 4,500, எரு 1,800, சவுக்குக் கட்டையும் கயிறும் 2,200, நிழல்வலை 1,900, விதை நாற்று 760, கூலி இரண்டு தடவை 1,800. மொத்தம் 12,960.

வரவு, வெளியில் வாங்கியிருந்தால் என்ன விலையோ அந்தக் கணக்கில்: கீரை 260 கட்டு, 5,200. வெண்டை 31 கிலோ, 1,240. கத்தரி 22 கிலோ, 880. சுரைக்காய் 27, 810. தக்காளி இரண்டு தடவையும் சேர்த்துப் பதினாறரை கிலோ, 412. மொத்தம் 8,542.

4,418 ரூபாய் நஷ்டம். என் ஸ்கூட்டர் பெட்ரோலும் எங்கள் உழைப்பும் இதில் இல்லை. வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "நீ ஆபீசில் கணக்குப் பிரிவில்தானே இருக்கே?" என்றார்.

ஆனால் பாருங்கள், வரவில் பாதிக்கு மேல் கீரை. அதற்கு ஆன செலவு விதையும் கொஞ்சம் எருவும்தான். 500 சதுர அடியில் கீரை பிடித்தது 80. எங்கள் இரண்டு வீட்டுக்கும், பெரம்பூரில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் வாரம் ஐந்து கட்டு. நாலு பேருக்குப் போதுமா என்று ஒரு வருடத்துக்கு முன் கேட்டவருக்கு இதுதான் என் உண்மையான பதில்: கீரைக்குப் போதும், வெண்டை கத்தரிக்கு அந்தந்தப் பருவத்தில் போதும், தக்காளிக்குப் போதாது. வெங்காயம், உருளை பற்றி நினைக்கவே வேண்டாம்.

22 ஜூலை
பெட்ரோலைச் சேர்க்கவில்லை என்று குறை சொன்னவருக்கு: அதைச் சேர்த்தால் மாமியார் மாதா மாதம் "ரெண்டு நாள் மனைப் பக்கம் போயிட்டு வரேம்மா" என்று வருவதையும், அன்றைக்கு அவர் கால்வலி மாத்திரை கேட்காததையும் வரவில் சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்குத் தலைப்பு கிடைக்கவில்லை.

28 ஜூலை
புடலைக்குக் கல் கட்டுவது அவசியமா, எவ்வளவு பெரிய கல் என்று கேள்வி. அவசியம் இல்லை, ருசி மாறாது. கட்டாவிட்டால் சுருண்டு, பாத்திரத்தில் நறுக்கப் படாத பாடு படுத்தும், அவ்வளவுதான். காய் ஒரு சாண் நீளம் வந்ததும் நுனியில் வாழைநாரில் எலுமிச்சம்பழ அளவு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நாத்தனார் நேராக வரட்டும் என்று கால் செங்கல் கட்டினாள். மறுநாள் காலையில் செங்கலும் காயும் கீழே கிடந்தன, காம்பு மட்டும் பந்தலில்.